என்ன படிச்சனீங்கள்?

இன்று காலை, கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ். எனக்கு முன் ஆசனத்தில் ஒரு தாயும் மகளும். மகளின் கையில் பல்கலைக்கழக விண்ணப்பக் கையேடு.

"கெமிஸ்ரி செய்யிறதுக்குப் பேராதனையை முதல் போடுறதோ, யாழ்ப்பாணத்தைப் போடுறதோ எண்டு தெரியேல்லை அம்மா."

தாய் திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கம்பசிலை என்ன படிச்சனீங்கள்?"

"கொமேர்ஸ்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"ஓ, அப்ப உங்களுக்குத் தெரிய வராது" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நான் படித்தது இரசாயனவியல். அதுவும் பேராதனையில், நான்கு வருடம்.

யுத்த காலம். நானும் அறைத்தோழனும் விடுமுறைக்கு ஊர் வந்துகொண்டிருந்தோம். இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கி, முன்னால் நின்ற அவனிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். இரசாயனம் என்றால் குண்டு என்று எடுத்துக்கொண்ட காலம் அது. அவனை ஒரு பக்கமாகப் போய் நிற்கச் சொன்னார்கள்.

அடுத்தது நான். "கொமேர்ஸ்" என்றேன்.

என்னை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. அவன் பிறகு வரவேயில்லை.

இன்று யாழ்ப்பாணம் வரும்வரை அந்தக் கையேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை முடிகிறதாம். எதை முதலில் போடலாம் என்று இரசாயனவியல் படித்தவர்கள் யாராவது கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் கண்ணில் படக்கூடும்.

என்னைக் கேட்காதீர்கள். நான் கொமேர்ஸ்.