விளிம்பில் இருந்த எண்

போன வாரம் புதுப் பூட்டு வாங்கப் போனேன். கடைக்குப் பின்னாலேயே பட்டறை. மெருகேற்றும் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. சூடேறிய உலோகமும் மெழுகும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நண்பரே, பூட்டு வாங்காமலே திரும்பிவிட்டேன்.

கல்லூரி நாட்களில் எனக்கு இரண்டு பெருமைகள். திண்டுக்கல் வட்டாரத்து மேடைகளில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை என்பது ஒன்று. அதைப் பரப்பியவனும் நானே. மற்றொன்று, வெள்ளைக்காரன் காலத்துப் பதக்கங்கள். பழைய சாமான் கடைகளில் தேடி ஏழு சேர்த்திருந்தேன். ஆறு, படையில் பணியாற்றியவர்களுக்குத் தந்தவை. ஒன்று, யாரோ ஓர் ஊர்ப் பெரிய மனிதருக்குப் பட்டத்தோடு அளித்தது. அவற்றை ஜாமெட்ரி பாக்ஸில் பஞ்சு விரித்துப் படுக்கவைத்திருப்பேன். “இதுகளுக்குத் தாலாட்டும் பாடிரு” என்பாள் அம்மா.

ஏழில் எனக்குப் பிரியமானது பழனிக் கடையில் கிடைத்த வெள்ளிப் பதக்கம். முதல் உலகப் போருக்குப் போன சிப்பாய்க்குத் தந்தது. ஒரு பக்கம் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரைவீரன். விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு. மேலே யாரோ ஒரு வளையத்தைப் பற்றவைத்திருந்தார்கள். வாங்கிய அன்று விளிம்பை ஒருமுறை படித்தேன், குறித்துக்கொள்ளவில்லை. மன்னர் முகங்களைச் சேர்ப்பதாகத்தான் அன்றைக்கு என் எண்ணம்.

பேரரசு தந்த பதக்கம் பெருமையா, அடிமைச் சின்னமா என்று ஒரு சொற்போர். நான் அடிமைச் சின்ன அணி. பேச்சின் உச்சத்தில் பதக்கத்தை உயர்த்திக் காட்டத் திட்டம். கறுத்துக் கிடந்த வெள்ளி மேடை விளக்கில் மின்ன வேண்டுமே! பள்ளியில் என்னோடு படித்த சேவியர் பூட்டுப் பட்டறையில் மெருகு போடுபவன். அவனிடம் கொண்டுபோனேன்.

“ஏலே அப்பு, ஓரத்துல என்னமோ எழுதியிருக்கு. அதையும் அடிச்சிரவா?”

“அடிச்சிரு. கடைசி வரிசைக்கும் தெரியணும்.”

“அம்புட்டுத் தூரத்துக்கு உன் வாயே கேக்குமே, இது வேறயா?”

பித்தளைப் பூட்டைத் தேய்க்கும் முரட்டுச் சக்கரத்தில் வைத்து எடுத்தான். கண் கூசியது.

மேடையில் அதை உயர்த்தி, “இங்கே மன்னனின் முகம் இருக்கிறது, மடிந்தவன் எங்கே?” என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது. முதல் பரிசு.

படியிறங்கியபோது ஒரு பெண்மணி காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், ஆயக்குடியில் கொய்யாத் தோட்டம் வைத்திருப்பவர். பழனிக் கடைக்காரர் என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“ஏனுங்க தம்பி, அது எங்க வீட்டு மெடலுங்க. பொறக்குற பிள்ளைக்கெல்லாம் அரைஞாண்ல கோத்துக் கட்டுவோம். அதுக்குத்தான் வளையம். திருப்பிக் கேக்க வரலீங்க. தாத்தாவோட அப்பா சண்டைக்குப் போயி வரவே இல்லீங்க. எங்க பொதைச்சாங்கன்னும் தெரியாது. ஓரத்துல இருக்குற நம்பரைப் பட்டாளத்து ஆபீசுக்கு எழுதிக் கேட்டாச் சொல்லுவாங்களாமுங்க. அதை மட்டும் எழுதிக்கிறனுங்க.”

கொடுத்தேன். கண்ணாடி மாட்டி, நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, பதக்கத்தை விளிம்போடு மெல்லச் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

“எழுத்து எந்தப் பக்கமுங்க?”

முடிவு மணி அடித்த பின்னும் பேசுகிறவன் என்று பெயரெடுத்தவன் நான். “தேஞ்சிருச்சுங்கக்கா. வாங்கும்போதே அப்படித்தான்” என்றேன்.

“எங்க வீட்டுல இருந்தப்ப விரல்ல தட்டுப்படுமுங்களே.” குரலில் கோபமே இல்லை.

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மன்னரைச் சற்று நேரம் பார்த்தார். “இவரு மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. இவரு எங்களுக்கு யாருங்க?” என்று என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பழனி பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அழுகை வந்தது என்று எழுதினால் அது மேடைப் பேச்சாகிவிடும். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைப்போல ஒன்றும் தெரியவில்லை. அந்த மரப்பு இன்னும் முழுதாக விடவில்லை.

மற்ற ஆறையும் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன். சேவியர் கோயம்புத்தூருக்குக் குடிபோனான். பழனிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சில நாட்களில் அந்த எண்ணை நினைவுபடுத்தப் பார்க்கிறேன். நான்கு இலக்கம். முதல் இலக்கம் மூன்று என்று நினைக்கிறேன். எட்டாகவும் இருக்கலாம்.