என் வீட்டு டப்பாக்கள் பேசும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சிமெண்டு மூட்டை தூக்கிய அதே தெருவில் இன்றைக்குச் சொந்தமாக இரும்புக்கடை வைத்திருக்கிறேன். எந்த அளவு போல்ட் கேட்டாலும், கரண்ட் போன நேரத்தில்கூடக் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பேன். மற்ற கடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் தேடி முடிப்பதற்குள் நான் பொட்டலம் கட்டி முடித்திருப்பேன். காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

ஆனால் என் வீட்டில் சீரகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வந்ததில்லை. கொத்தமங்கலத்தில் இடித்த வீட்டுத் தேக்குக் கதவுகளை வாங்கிவந்து, ஒரு பைசா கடன் இல்லாமல் வீட்டைக் கட்டியதோடு என் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் சாமான் பூராவும் என் மனைவியின் நிர்வாகம். அது அவளுக்கு மட்டுந்தான் விளங்கும். பிஸ்கட் டின்னில் பெருங்காயம், காப்பித்தூள் டப்பாவில் கசகசா, ஊறுகாய் ஜாடியில் ஊசியும் நூலும்.

போன கார்த்திகையில் கொல்லைப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மதுரையில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். “நான் சொல்ற வரைக்கும் காலை ஊனக் கூடாது. தகடு நகர்ந்தா மறுபடியும் அறுக்கணும்” என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த வாரமே ரசம் வைக்க இறங்கினேன். சீரகம் அகப்படவில்லை. “இங்குட்டு இல்லையே” என்று நான் கத்த, “அங்குட்டு மேல் தட்டுல பாருங்க” என்று அவள் கட்டிலிலிருந்து கத்த, நாலைந்து டப்பாவை உருட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் அடுப்படி நிலைவாசலில் நிற்கிறாள்.

“அடியே, மறுபடியும் கத்திக்குக் குடுக்கப் பாக்குறியா?”

“நீங்க உருட்டுற சத்தத்தைக் கேக்குறதுக்கு அதுவே தேவலை. ஊருக்கெல்லாம் ஆணி எடுத்துக் குடுக்குறீக, கண்ணுக்கு முன்னாடி இருக்குற சீரகம் தெரியலையாக்கும்!”

தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினேன். இந்த வயதிலும் தூக்குவேன், மூட்டை தூக்கிய உடம்பு. டாக்டர் சொல்கிறவரை இவள் பாதம் தரையில் படக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

யோசனை கடையில் வந்தது. பணம் வாங்குவதற்கு மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைப் பார்த்துக்கொண்டே கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

“ஏத்தா, இந்தக் கட்டத்துக்குள்ள பேச்சை வைக்க முடியுமா?”

“வைக்கலாம்ப்பா. யார் பேச்சை?”

“உங்கம்மா பேச்சை.”

“எழுதியே ஒட்டிரலாமேப்பா.”

“நான் எழுத்துக் கூட்டுறதுக்குள்ள ரசம் வத்திரும். நீ சொன்னதைச் செய்.”

ஒவ்வொரு டப்பாவாகக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். அவள் திறந்து பார்த்துச் சொல்வாள், என் போன் பதிந்துகொள்ளும். மகளுக்கு அனுப்பினால் கியூஆர் கோடாகத் திரும்பி வரும். ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டினேன். அடுப்படி முடிந்து சாமான் அறைக்கும் போனேன்; கட்டிலுக்குக் கொண்டுவர முடியாத பெரிய பெட்டிகளுக்கு அவள் ஞாபகத்திலிருந்தே சொன்னாள். போனைக் காட்டினால் டப்பா அவள் குரலில் பேசும். அவள் கோபமும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. “இது கசகசா. விலை தெரியுமா? அள்ளிக் கொட்டாதீக.”

பித்தளை அண்டாக்கள்தான் மல்லுக்கு நின்றன. பாத்திரம் விளக்கும் அம்மாள் புளி போட்டுத் தேய்த்ததில் ஸ்டிக்கர் எல்லாம் உரிந்து போயிற்று. நான் விடுகிற ஆளா? பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் ஒரு மூடியைக் கொண்டுபோய், இந்தக் கட்டத்தை அப்படியே வெட்டச் சொன்னேன். “அண்ணே, பேர்னா நிமிசத்துல வெட்டிருவேன். இது எறும்புப் புத்தைக் கிளறிவிட்ட மாதிரி இருக்கே” என்றார். இரட்டைக் கூலி கொடுத்து வெட்ட வைத்தேன். போன் அதைப் படிக்கவில்லை. மூடி என்னவோ பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிறகு கோடுகளை லேமினேஷன் போட்டு, என் கடைக் கட்டுக்கம்பியால் அண்டாக் காதுகளில் முறுக்கிக் கட்டினேன். இன்றுவரை ஒன்று கழன்றதில்லை.

தைப்பூசம் நெருங்கியது. குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் வருஷாவருஷம் ஒருவேளைச் சாப்பாடு உண்டு. இந்தத் தடவை வேண்டாம் என்று மகள் சொன்னாள். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு, “அடுப்பு எரியலைன்னா நான் எந்திரிச்சு வந்து பத்தவைப்பேன்” என்றாள். செய்யக்கூடியவள். சமையலுக்கு ஆள் பிடித்தேன்.

அன்று சமையல்காரப் பெண்கள் போனை வைத்துக்கொண்டு அடுப்படியிலும் சாமான் அறையிலும் நடமாட, மூலைக்கு மூலை அவள் குரல் கேட்டது. கட்டிலில் கிடந்தபடி, தன் அதட்டலைத் தானே கேட்டு ரசித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது, வடைக்கு எண்ணெய் காய்கிறவரை. வடை அள்ளும் பெரிய அரிகரண்டி உள்ளே இருக்கிறது என்று மரப்பெட்டியின் கோடு சொல்கிறது, பெட்டியில் இல்லை. “எண்ணெய் புகையுது, கரண்டியக் காணோமே” என்று ஒருத்தி சத்தம் போட்டாள். கட்டில் கிறீச்சிட்டது.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு காலை ஏற்கெனவே கீழே தொங்கவிட்டிருந்தாள். அறை வாசலில் குறுக்கே நின்றேன்.

“கால் தரையில பட்டுச்சு, வடைச் சட்டியக் கவுத்துருவேன்.”

“நடந்து வாரவுக பசியோட வருவாகங்க.”

“வரட்டும். நீ உக்காந்த இடத்துல இருந்து யோசி. கரண்டிக்குக் கால் முளைக்காது. யாருக்குக் குடுத்தே?”

கண்ணை மூடினாள். அடுப்படியில் எண்ணெய்ப் புகை நெடி ஏறியது. நான் நகரவில்லை.

“எதுத்த வீட்டு ஆச்சி... பேரன் பொறந்தநாளுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனாக.”

காலை நானே எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். வடை வெந்தது. நடந்து வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனார்கள். முதல் இலை கட்டிலுக்குத்தான் போனது. வடையில் உப்பு ஒரு கல் குறைவு என்றாள்.

மாசியில் மதுரைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, மருந்து வேலை செய்திருக்கிறது என்றார். மருந்து என்ன செய்தது, நான் என்ன செய்தேன் என்பதை அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்களும் கேட்டிருப்பார்கள்.

“சரி, இப்ப ஊனுங்க” என்றார் டாக்டர்.

இறங்கிப் பாதத்தை வைத்தாள். ஒரு கையை என் பக்கம் நீட்டினாள். நான் டாக்டரிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

“பெருமை பேசுனது போதும், பிடிங்க” என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.