ஒரே சிரட்டையில் குடித்தோம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. தொடங்கியது பீஜித் தீவுகளில், முடிந்தது லண்டனில். எங்களுடைய முப்பதாவது கலியாண நாளுக்கு மகன் டிக்கெட் போட்டுத் தந்தான். “நீங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் தனிய எங்கையும் போனதில்லை அம்மா” என்றான். உண்மைதான். லண்டனில் ஹரோவுக்கு வந்து இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன இடமெல்லாம் கலியாண வீடு, செத்த வீடு, சாமத்திய வீடுதான். அதற்கும் காரின் பின் சீற்றில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டுதான் போவோம்.

பசிபிக் சமுத்திரத்துக்குப் போகிறோம் என்றதும் என் கணவர் முதலில் பெட்டியில் வைத்தது ஒரு போத்தல் மிளகாய்த்தூள். இரண்டாவது, பருத்தித்துறை வடை இரண்டு பை. நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிறவள். சாதி கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்குகிறவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும்.

அங்கே தீவு தீவாகப் போவதற்கு ஒரு பெரிய படகு இருக்கிறது. காலையில் துறைமுகத்தில் புறப்பட்டு, நம்முடைய பஸ் மாதிரி ஒவ்வொரு தீவுக்கும் எதிரில் நின்று நின்று போகும். கரைக்கு வராது. சின்னப் படகு ஒன்று வந்து, ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும். ஒரு தீவில் இரண்டு நாள், இன்னொன்றில் இரண்டு நாள் என்று எங்களுக்கு எழுதித் தந்திருந்தார்கள். முதல் நாள் வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒரு பெண் குரல், “ஓமோம், தொப்பி பையுக்கைதான் கிடக்கு, பேசாமல் வாங்கோ” என்றது. நான் அப்படியே திரும்பிவிட்டேன். உலகத்தின் மற்றக் கரையில் நின்றுகொண்டு ஒரு யாழ்ப்பாணத்து ‘ஓமோம்’ கேட்டால் எப்படி இருக்கும்!

அவர்களும் கணவன் மனைவிதான். எங்களைவிடப் பத்து வயது குறைவு. குரோய்டனில் இருக்கிறார்கள். அவர் முதலில் ஜெர்மனிக்கு வந்து, பிறகு லண்டனுக்கு மாறி, பிளம்மிங் வேலை செய்கிறவர். அவள் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இல்லை. அதிசயமாக எங்களுக்கும் அவர்களுக்கும் அதே தீவுகள், அதே நாட்கள். என் கணவர் என் காதுக்குள், “இஞ்சையும் எங்கட ஆக்கள்” என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

இரண்டாம் நாள் கடல் குழம்பிவிட்டது. சின்னப் படகில் ஒரு சுற்றுலாவுக்குப் போனோம். போன வேகத்தில் எனக்குத் தலை சுற்றி, வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. என் கணவர் “தண்ணி குடியும், தண்ணி குடியும்” என்று தள்ளி நின்று சொன்னாரே தவிர, கிட்ட வரவில்லை. அவள்தான் வந்தாள். என் நெற்றியைப் பிடித்து, தன்னுடைய சால்வையால் என் வாயையும் கழுத்தையும் துடைத்து, என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். “வெக்கப்படாதேங்கோ அக்கா, எனக்கு இது தினம் செய்யிற வேலை” என்றாள். கரைக்கு வந்ததும் அந்த விடுதிக் குசினிக்காரரோடு கையாலும் காலாலும் பேசி, அரிசி வாங்கி, கஞ்சி வைத்துக் கொண்டு வந்தாள். நான் எழும்ப ஏலாமல் கிடந்தேன். கரண்டியால் ஊட்டினாள். என் கூடப்பிறந்தவர்கள்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை.

அன்றிலிருந்து நாங்கள் நாலு பேரும் ஒன்றுதான். ஒரே மேசை, ஒரே சாப்பாடு. அவள் தட்டில் இருந்த மீனை நான் எடுப்பேன், என் வடையை அவள் எடுப்பாள். “லண்டனுக்குப் போனதும் உம்மட வீட்டை வந்து உம்மட கையால சாப்பிடாமல் விடமாட்டன்” என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நான்தான் திரும்பத் திரும்பச் சொல்லி, வாக்கும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் அந்தத் தீவு ஆட்கள் எங்களுக்குக் கவா என்று ஒரு பானம் தந்தார்கள். வேரை இடித்துக் கரைத்தது. பார்வைக்கு மழை வெள்ளம் மாதிரி, குடித்தால் நாக்கு மரத்துப் போகும். எல்லாரும் பாயில் வட்டமாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே சிரட்டை, தேங்காய் ஓட்டின் பாதி. ஊர்ப் பெரியவரும் அதில்தான், அமெரிக்காவிலிருந்து வந்த கிழவரும் அதில்தான், நாங்களும் அதில்தான். ஒருமுறை கை தட்டிவிட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சிரட்டை என் கணவரிடம் வந்தபோது அவர் சிரித்தார். “ஊரில எண்டால் சிரட்டையில ஆருக்கு ஊத்திறது எண்டு தெரியுந்தானே? கடைசியில நாங்களும் அந்த நிலைக்கு வந்திட்டம்” என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், குறைந்த சாதி என்று ஒதுக்கி வைத்த ஆட்கள் எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்தால், அவர்களுக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான். கோப்பையில் கொடுத்தால் பிறகு அந்தக் கோப்பையை நாங்கள் தொடமாட்டோம். அந்தக் கேவலத்தை நினைத்துத்தான் அவர் பகிடி விட்டார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்து அவளுடைய கணவரின் முறை. அவர் சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கி, குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்ன தம்பி, சிரட்டையைக் கண்டு பயந்திட்டீரோ?” என்று நான் கேட்டேன். “இல்லை அக்கா” என்றுவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். அந்தப் பானம் அவருக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் துறைமுகத்துக்குத் திரும்புகிற படகு. நல்ல மத்தியான வெயில். பிரியப் போகிறோம் என்ற கவலையில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று யோசித்தேன். இத்தனை நாள் பழகியும் இவர்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் “யாழ்ப்பாணப் பக்கம்தான் அக்கா” என்று சொல்லிவிட்டு, வேறு கதைக்குப் போய்விடுவாள். அன்று நான் விடவில்லை. அவள் ஊரின் பெயரைச் சொன்னாள். என் ஊருக்கு அடுத்த ஊர்! எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தேடிப் பார்த்தால் சொந்தமாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

“ஊரில எவடம்? கோயிலடியோ, பள்ளிக்கூடத்தடியோ?” என்று கேட்டேன்.

எங்கள் ஆட்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். லண்டனில் எந்தக் கலியாண மண்டபத்தில் நின்றாலும் காதில் விழும். இடத்தைச் சொன்னால் சாதி முதல் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். நான் அதற்காகக் கேட்கவில்லை என்று இத்தனை நாள் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன்.

அவள் கடலைப் பார்த்தாள். அவளுடைய கணவர்தான் சொன்னார். நிமிர்ந்து இருந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, ஊருக்குள் தாங்கள் இருந்த பகுதியின், அந்தக் குறிச்சியின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். அந்தக் குறிச்சியில் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

“ஆ, சரி சரி” என்றேன். பிடித்திருந்த கையை விட்டுவிட்டுக் கைப்பைக்குள் எதையோ தேடினேன். தேடுவதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நித்திரை கொண்டார். துறைமுகம் வரும்வரை அவர் எழும்பவில்லை. நித்திரையில் குறட்டை விடாத ஒரே நாள் அதுதான்.

இறங்கும்போது, “கட்டாயம் வீட்டை வாங்கோ அக்கா” என்றாள் அவள். வாக்கு நான் கொடுத்ததல்லவா!

ஹரோவுக்கு வந்து சேர்ந்ததும் என் கணவர் சொன்னார். “எங்கட ஆக்கள் இல்லையப்பா. பெடியனுக்குக் கலியாணம் பேசிற நேரம். பொம்பிளை பகுதி எல்லாம் விசாரிக்கிற ஆக்கள். கூடப் புழங்காதையும்.” நான் சண்டை பிடித்தேனா என்று கேட்டால், இல்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அவள் இரண்டு முறை போன் பண்ணிவிட்டாள். போகாமல் இருக்க ஏலவில்லை. “போவம். ஆனா வாயில ஒண்டும் வைக்கிறேல்லை. ஆவணி ஞாயிறு விரதம் எண்டு சொல்லுவம்” என்றார் அவர். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் விரதம் பிடிக்கிறது வழக்கம். நாங்கள் பிடிக்கிறதில்லை.

குரோய்டனில் அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்ததும் சமையல் மணம். மேசை நிறையக் கறிக் கோப்பைகள், மூடி வைத்திருந்தாள். நான் உட்காருமுன்பே “விரதம் தங்கச்சி” என்றேன்.

“தெரியும் அக்கா” என்றாள் அவள். “ஆவணி ஞாயிறெல்லோ. நாங்களும் பிடிக்கிறனாங்கள். உங்களுக்கு றால் குழம்பு வைக்கிறன் எண்டு சொன்னதைக்கூட விட்டிட்டு எல்லாம் மரக்கறியாத்தான் சமைச்சனான். குளிச்சுப்போட்டுச் சமைச்சது.”

என் கணவர்தான், “இல்லை, நாங்கள் இண்டைக்குத் தண்ணியோட மட்டும்” என்றார். அதையாவது கொஞ்சம் வேறுமாதிரிச் சொல்லியிருக்கலாம்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது தட்டில் இரண்டு சோடாப் போத்தல், ஒரு திறப்பான். போத்தல்கள் மூடி திறக்காதவை. அவற்றை எங்கள் முன்னால் வைத்து, எங்கள் கண் முன்னாலேயே மூடியை உடைத்தாள். கிளாஸ் வைக்கவில்லை.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். என் அப்பா ஊரில் சில வீடுகளுக்கு அலுவலாகப் போவார். அந்த வீடுகளில் தேத்தண்ணி குடிக்க மாட்டார். அவர்களும் கொடுக்க மாட்டார்கள். கடைக்கு ஆள் அனுப்பிச் சோடா வாங்கி, அவர் பார்க்கப் பார்க்க மூடியை உடைத்துக் கொடுப்பார்கள், தங்கள் கை உள்ளே படவில்லை என்று காட்டுவதற்காக. அது அவளுக்கும் தெரியும், அவள் வீட்டில் பார்த்திருப்பாள். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். என் கணவர் சோடாவை எடுத்துக் குடித்தார். நான் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். சோபாவின் கைப்பிடியில் ஒரு சால்வை கிடந்தது. படகில் என் வாந்தியைத் துடைத்த அதே சால்வை. தோய்த்து மடித்து வைத்திருந்தாள்.

பத்து நிமிடத்தில் எழும்பி வந்துவிட்டோம். அவளுடைய கணவர் கார்வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதைதான் இன்னும் சுடுகிறது.

மகனுக்கு அடுத்த வைகாசியில் கலியாணம். கணவருக்குத் தெரியாமல் நான் அவளுக்குக் கலியாணக் கார்டைத் தபாலில் போட்டேன். எனக்குள் இருந்த முள்ளை எடுக்கிறதற்கு அதுதான் வழி என்று நினைத்தேன். வரமாட்டாள் என்றுதான் எதிர்பார்த்தேன், ஒருவேளை அந்தத் தைரியத்தில்தான் கார்டும் போட்டேனோ தெரியாது. அவள் வந்தாள். தனியாக, நாவல் நிறப் பட்டுச்சீலையில், தாலி கட்டுமுன்னரே வந்து பின் வரிசையில் இருந்தாள்.

சம்பந்தி அம்மா என் பக்கத்தில் நின்றா. “ஆர் அந்தப் பிள்ளை? நல்ல வடிவு. உங்கட சொந்தமோ?” என்று கேட்டா.

“சீச்சீ, இல்லை. ஹொலிடேயில கண்டு பழக்கம்” என்றேன்.

அந்தச் ‘சீச்சீ’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. திரும்பினால், மணமக்களுக்கு அறுகரிசி போட வந்த வரிசையில் அவள் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள்.

அறுகரிசி போட்டு, மகனின் தலையைத் தடவி வாழ்த்தி, பரிசை மருமகளின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். நான் சனத்தை விலத்திக்கொண்டு ஓடினேன். வாசலடியில் அவள் கையைப் பிடித்தேன். சாப்பாட்டு மண்டபம் பக்கத்தில்தான், இலையெல்லாம் போட்டாயிற்று. “சாப்பிடாமல் போகக் கூடாது. வாரும், நானே பக்கத்தில இருந்து பரிமாறிறன்” என்றேன். உண்மையாகவே அழுதுவிடுகிற நிலையில் இருந்தேன்.

அவள் கோபிக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அன்று என் நெற்றியைப் பிடித்த அதே பதத்தில் என் கையை எடுத்து விலக்கினாள்.

“இண்டைக்கு விரதம் அக்கா” என்றாள்.

வைகாசி மாதத்துச் சனிக்கிழமையில் என்ன விரதம் என்று அவளிடம் கேட்கிற தகுதி எனக்கு இருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பிறகு மூன்று முறை போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போதும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துகிறேன். சாதி கூடாது என்று அழகாக எழுதியிருப்பார்கள். சரி போடுவதற்காகச் சிவப்புப் பேனையை எடுக்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒரு பெண் வைத்த கஞ்சி என்னைக் காப்பாற்றியதும், தெரிந்த பிறகு அவள் வைத்த சோறு எனக்கு ஆகாமல் போனதும் ஒரே வயிற்றில்தான் என்ற நினைப்பு வந்து, என் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.