அண்ணி ஹெல்மெட் போடாமல் வந்த முப்பது கிலோமீட்டர்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, நானும் என் அண்ணி விஜயாவும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கோலா சுங்கை பாரு கடற்கரைவரை சைக்கிளில் போகக் கிளம்பினோம். உண்மையில் இது என் அண்ணன் போக நினைத்த பயணம். வாரம் தவறாமல் சைக்கிள் ஓட்டியவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் லாரி மோதி இறந்துபோனார். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. போன மாதம் அண்ணி போன் செய்து, "தம்பி, அவரு போகணும்னு சொன்ன அந்த ரோட்டுல நாம போய்ட்டு வருவோமா?" என்றார். உடனே சரி என்றேன்.

எங்கள் இருவர் வீடும் பாச்சாங்கில்தான். நண்பர் ஒருவர் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய், காலை ஏழு மணிக்கு சிம்பாங் அம்பாட்டில் இறக்கிவிட்டார். ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய தே தாரே தேநீர் என்று பசியாறினோம். இருவருக்கும் பத்து வெள்ளிகூட ஆகவில்லை. கடற்கரைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பாதை பெரும்பாலும் சமதரைதான், புதிதாக ஓட்டுகிறவர்களும் போகலாம்.

கிளம்பும்போதுதான் அண்ணி தொப்பி மட்டும் போட்டிருப்பதைக் கவனித்தேன்.

"அண்ணனுக்கு அப்படி ஆனப்புறமும் ஹெல்மெட் இல்லாமலா அண்ணி?"

"எனக்கு வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம்தான். எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் இதே சண்டை ஓயாமல் நடக்கும். வெயில் தாங்கவில்லை என்பார் ஒருவர். பக்கத்துக் கடைக்குப் போக எதற்கு என்பார் இன்னொருவர். நான் எப்போதும் ஹெல்மெட் கட்சி. ஆனால் அன்று தோட்டப்புறத்துச் சாலையில், மளிகைப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, வெறுந்தலையோடு நிதானமாகப் போன இரண்டு பெண்களைப் பார்த்தபோது, அவர்களிடம் ஹெல்மெட்டைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அவர்கள் போனது விளையாட்டுக்கு அல்ல, வீட்டுக்குச் சாமான் வாங்க.

மஸ்ஜிட் தானாவுக்குச் சற்று முன்னால், இருபுறமும் செம்பனை மரங்கள் நிற்கும் குறுகலான சாலை. பின்னாலிருந்து செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. எதிரில் ஒரு கார். லாரி வேகத்தைக் குறைக்காமல் என்னை உரசுவதுபோலக் கடந்தது. நான் ஓரத்துக்கு ஒதுங்க, சக்கரம் சரளைக்கல்லில் வழுக்கியது. விழுந்த வேகத்தில் தலை சாலையோரச் சிமெண்டு விளிம்பில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அண்ணி என் முகத்துக்கு மேலே குனிந்திருந்தார். லாரியை நிறுத்திவிட்டு, ஐம்பது வயது இருக்கும் டிரைவர் ஓடி வந்தார். தமிழர்.

"தம்பிக்கு ஒன்னும் இல்லையே? நல்ல வேள, ஹெல்மெட் போட்டிருக்காரு."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவே இல்லை. "அத அப்புறம் பேசலாம் அண்ணே. நீங்க ஏன் இவ்ளோ கிட்ட வந்தீங்க?"

அவர் சாலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கார் வந்துச்சு. நான் பின்னாலயே வந்திருக்கணும். எண்ணெய் மில்லுல கியூ நீண்டுரும்னு அவசரப்பட்டுட்டேன். என் தப்புதான்மா."

அண்ணி அப்படியே புல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். டிரைவர் பதறிப்போய், "தங்கச்சி, தம்பி நல்லாத்தான் இருக்காரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிக்கப் வண்டியோடு வரவழைத்து, எங்களைச் சைக்கிள்களோடு ஏற்றிவிடும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

மஸ்ஜிட் தானாவில் ஒரு கிளினிக். தோளில் சிராய்ப்பு மட்டும்தான். வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் டாக்டர். மருந்துக்குக் காத்திருந்தபோது, விரிசல் விட்ட என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி பேசினார்.

"ஒங்க அண்ணன் செத்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க தம்பி. ஹெல்மெட் போட்டிருந்தாரான்னு. அடி பட்டது நெஞ்சுல. தலையில ஒரு கீறல்கூட இல்ல. லாரிக்காரன் எப்படி ஓட்டுனான்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அவர இடிச்ச டிரைவரும் என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லல. நான் இதப் போட்டுக்கிட்டா, தப்பு ஒங்க அண்ணன் மேலதான்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு நெனச்சேன்."

அந்த ஹெல்மெட் இல்லாவிட்டால் அவர் சொன்னதைக் கேட்க நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

மிச்சத் தூரத்தைப் பிக்கப்பிலேயே போனோம். கடற்கரையில் படகுகள் கரையேறியிருந்தன. பொரித்த மீனும் சோறும் வாங்கி, வலிக்காத கையால் சாப்பிட்டேன். அண்ணி மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தார்.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏற ஏற லாரிகளும் கூடும். சரளை ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். தண்ணீர் நிறைய வேண்டும், நடுவில் கடைகள் குறைவு. ஹெல்மெட் போடுங்கள், ஒருமுறை அடிபட்டதை மறுபடி போடாதீர்கள். லாரியோ காரோ ஓட்டுகிறவராக இருந்தால், எதிரே வண்டி வரும்போது சைக்கிளுக்குப் பின்னால் கொஞ்சம் பொறுத்து வாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டு வாரம் கழித்து அண்ணி தானே கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒரு ஹெல்மெட் வாங்கினார். வாரைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்.

"போட்டுக்கறேன் தம்பி. ஆனா நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, வர்றவங்ககிட்ட, ஹெல்மெட் போட்டிருந்தாங்கன்னு இத எடுத்துக் காட்டாத. லாரியப் பத்தி மொதல்ல கேக்கச் சொல்லு."

காட்ட மாட்டேன் என்று சொல்லி, வாரை இறுக்கிக் கொடுத்தேன்.