சிவப்புப் பூட்டு

லாக்கவுட் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. அப்பா வேலை பார்த்த நூற்பாலையில் அந்த ஒற்றைச் சொல்லை கேட்டில் ஒட்டிவிட்டு முதலாளி பூட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அதனால் தங்கச்சி காகித ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்த முதல் நாளே வந்து, "அம்மா, இன்னைக்கு நானே லாக்கவுட் போட்டேன்!" என்று குதித்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சேர்ந்த அன்னைக்கேவா? அடிப்பாவி!"

தங்கச்சி பையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்துக் காட்டினாள். அதில் அவள் படம் ஒட்டியிருந்தது. கூழ் அரைக்கும் தொட்டிக்குள் இறங்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் அவரவர் பூட்டை மாட்ட வேண்டும். சாவி இறங்குகிறவரிடமே இருக்கும். அவர் ஏறி வந்து திறக்கும்வரை தொட்டி ஓடாது. அதற்கும் லாக்கவுட் என்றுதான் பெயராம்.

"அது முதலாளி போட்ட பூட்டு. இது நம்ம பக்கத்துப் பூட்டும்மா."

அம்மா நம்பவில்லை. எதிர்வீட்டு டீச்சர் தப்பான நம்பரைப் போட்டுப் போட்டு செல்போன் லாக்கவுட் ஆகிவிட்டது என்றபோதும், "பாவம், பாதிச் சம்பளமாவது தருவாங்களா?" என்று விசாரித்தாள்.

எங்கள் தெருவில் ஸ்பானர் பிடித்த முதல் பெண் என் தங்கச்சி. அவள் வேலைச் சட்டைகளை நான் மட்டுமே தைப்பேன். இயந்திரத்தில் சிக்காதபடி கை இறுக்கமாக இருக்கும், சாவிக்காகப் பை ஆழமாக இருக்கும்.

ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடிந்தும் அவள் வரவில்லை. முந்தின நாள் சட்டைக்குப் பட்டன் வைக்க எடுத்தேன். ஊசி இறங்குமுன் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். விரலில் சாவி தட்டியது.

அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. சாவி இல்லாதது அவளுக்கே தெரிந்திருக்காது. ஏறி வந்து தேடியிருந்தால் எனக்குப் போன் போட்டிருப்பாள்; அப்படியென்றால் இன்னும் தொட்டிக்குள்தான் இருக்கிறாள். யாராவது பூட்டை மறந்து விட்டுப் போனால் அடுத்த ஷிஃப்ட் கட்டரால் வெட்டிவிடும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். செல்போனில் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை எடுத்தேன்.

கேட்டில் காவலாளி சிரித்தார். "என்ன மாஸ்டர், எனக்கு அளவெடுக்க வந்தீங்களா?"

"என் தங்கச்சி வெளிய வந்தாளா?"

"எல்லாரும் போயாச்சே. பூட்டை மறந்துட்டுப் போயிட்டாளாம், இப்பத்தான் கட்டர் எடுத்துட்டுப் போறாங்க."

சாவியை நீட்டினேன். "அவ வீட்டுக்கு வரலைங்க. உள்ள இருக்கா."

அவர் முகம் செத்துப்போனது. போனைச் சுழற்றினார், யாரும் எடுக்கவில்லை. கேட்டை அப்படியே விட்டுவிட்டுச் சாவியோடு உள்ளே ஓடினார். காலடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ இயந்திரங்கள் ஓடுகிற இடம். அதில் அவள் தொட்டியும் சேர்ந்துவிட்டதா என்று கேட்கக் காதைத் தீட்டினேன். எனக்கு எப்படிப் பிரித்துத் தெரியும்? சாவி குத்திய தடம் உள்ளங்கையில் இருந்தது.

காவலாளி முதலில் வந்தார். பின்னால் கட்டரைப் பிடித்தபடி சூப்பர்வைசர். அவருக்கும் பின்னால், தலையெல்லாம் கூழ் அப்பிய தங்கச்சி.

"நீ ஏண்ணா இங்க நிக்கிற?"

தொட்டிக்கு மேலே அவளுக்குத் துணையாக நின்றவர் ஷிஃப்ட் முடிந்ததும் சொல்லாமல் போயிருக்கிறார். பூட்டை வெட்டுமுன் அவள் பேரை மைக்கில் கூப்பிட்டது, உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கவில்லை. சூப்பர்வைசர் பூட்டை என்னிடம் கொடுத்தார். வளையத்தில் பாதிவரை கட்டர் கடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி தன் பையைத் தடவினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீடு வரும்வரை பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"என்னடி, புதுப் பூட்டு?" என்றாள் அம்மா மறுநாள்.

"பழசு தேஞ்சுபோச்சும்மா."

பழசு என் கத்திரிக்கோல் பெட்டியில் இருக்கிறது. இப்போது எல்லாச் சட்டையிலும் சாவிக்குச் சங்கிலி தைத்திருக்கிறேன். ஆனாலும் ஷிஃப்ட் முடிந்து ஆலைச் சங்கு ஊதியதும், தெருமுனையில் அவள் தலை தெரியும்வரை என் கால் மெஷினை மிதிப்பதில்லை.