வண்டிக்கு ஏற்ற படி

எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷம் டிசைன் ப்ராஜெக்ட் என்று ஒன்று உண்டு. நிஜமான மனிதர் ஒருவரின் நிஜமான கஷ்டத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மெஷின் செய்து காட்ட வேண்டும். மெக்கானிக்கலில் எங்கள் பேட்ச் கஷ்டத்தைத் தேடி எங்கும் அலையவில்லை. யூடியூபில் மெஷினைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதான கஷ்டம் யாருக்காவது இருக்கிறதா என்று அப்புறம் தேடினோம். எங்கள் டீமில் படியேறும் தள்ளுவண்டி என்று முதலில் முடிவானது. அக்கா பிறகுதான் கிடைத்தார்.

அக்கா காலேஜில் தண்ணீர் கேன் தூக்குகிறவர். அரியாங்குப்பத்திலிருந்து டெம்போவில் வருவார். இருபது லிட்டர் கேனை இடுப்பில் வைத்து மூன்றாம் மாடி வரை ஏற்றுவார். முட்டி தேய்ந்துவிட்டது, பாரம் தூக்கிப் படியேறவே கூடாது என்று கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் காண்ட்ராக்ட் வேலை. முடியாது என்று சொன்னால் மறுநாளே வேறு ஆள் வரும். அதனால் அவர் எங்கள் வண்டியை நம்பினார்.

"வண்டி நெசமாவே வந்துருமா பாப்பா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"வந்துரும்க்கா" என்பேன்.

டீமில் நான்கு பேர், நான் ஒருத்திதான் பெண். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமாம், ரிப்போர்ட்டை என் தலையில் கட்டினார்கள். டைப் அடிக்கும் ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்து எதற்கு என்று எந்த மேதையும் யோசிக்கவில்லை. அதில் யூசர் இன்டர்வியூ என்று பத்துக் கேள்வி. காலேஜிலேயே இரண்டு நிமிஷம் நடந்துபோய் அக்காவிடமே கேட்டிருக்கலாம். நான் மூலக்குளத்து வீட்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கேள்வியும் நானே பதிலும் நானே என்று முடித்தேன். பத்தாவது பதில் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: "இந்த வண்டி வந்த பிறகு என் முட்டி வலி வெகுவாகக் குறைந்துள்ளது." அப்போது நாங்கள் ஒரு சக்கரம்கூட வாங்கியிருக்கவில்லை.

படியின் உயரம் நூற்றைம்பது மில்லிமீட்டர், அதாவது சுமார் ஆறு அங்குலம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதை வைத்தே சக்கரங்களின் அளவைக் கணக்குப் போட்டோம். தினமும் ஏறி இறங்குகிற படியை டேப் வைத்து அளக்க நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கட்டிய மேஸ்திரி எங்கள் புத்தகத்தைப் படித்தவரில்லை. ஒவ்வொரு படியும் ஒரு உயரம், எல்லாமே ஏழு அங்குலத்துக்கு மேல். வண்டி முதல் படியிலேயே இடித்துக்கொண்டு நின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

கைடு சார் வந்து குனிந்து பார்த்தார். "படி ஸ்டாண்டர்டா இல்லப்பா" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்களுக்காக அதைச் சொல்ல டாக்டர் பட்டம் வாங்கிய ஆளே இருந்தார். வழியும் அவரே சொன்னார். புத்தகத்து அளவில் ப்ளைவுட்டில் மூன்று படி செய்து, அதில் ஏற்றிக் காட்டினால் போதும். செய்தோம். வண்டி ஜம்மென்று ஏறியது. வண்டிக்கும் படிக்கும் ஆரஞ்சு பெயின்ட் அடித்தோம்.

எல்லா டீமின் ப்ராஜெக்டுக்கும் கடைசியில் ஒரு போட்டி உண்டு, அது மூன்றாம் மாடி ஹாலில். காலேஜில் லிஃப்ட் இல்லாமலில்லை. அது ஸ்டாஃபுக்கு மட்டும், சாவி ஹெச்.ஓ.டி. அறையில் தொங்கும். அன்று லிஃப்ட் சீஃப் கெஸ்டுக்காகக் காத்திருந்தது. அதனால் படியேறும் வண்டியை நாங்கள் தூக்கிக்கொண்டு படியேறினோம். இரண்டாம் மாடி தாண்டும்போது எனக்குக் கை நழுவியது. எதிரே இறங்கி வந்த அக்கா என் முனையைத் தாங்கிப் பிடித்து, மேலே வரைக்கும் கூடவே வந்தார்.

"இதுக்கு அந்தக் கேனே தேவலாம் தம்பிங்களா" என்றார், மூச்சு வாங்க. பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வண்டிலாம் வாணாம் பாப்பா. அந்த லிஃப்ட் சாவிய வாங்கிக் குடேன். காலைல ஒரு வாட்டி போதும், எல்லாத்தயும் ஏத்திடுவேன்."

"கேக்கறேன்க்கா" என்றேன்.

முதல் பரிசு எங்களுக்கு. சீஃப் கெஸ்ட் சமூக அக்கறை என்று நெகிழ்ந்து பேசி, மேஜையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். அந்தத் தண்ணீர் எப்படி மேலே வந்தது என்று அவர் கேட்கவில்லை. போட்டோவுக்கு ஹெச்.ஓ.டி. என் பக்கத்தில்தான் நின்றார். சாவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மற்ற எல்லோரையும் திட்டுகிற எனக்கு, இந்த ஒரு இடத்தில் என்னை நினைத்தால்தான் அதிகமாகக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அடுத்த செமஸ்டரில் வேறொரு அம்மா கேன் தூக்கிக்கொண்டிருந்தார். அக்கா எங்கே என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். "முட்டி ஒத்துக்கல, வேலைய விட்டு நிறுத்திட்டாங்க" என்றார். வண்டி மட்டும் ஆய்வுக் குழு வந்தால் காட்டுவதற்காகக் கண்ணாடி அலமாரியில் நின்றது, ப்ளைவுட் படியோடு.

அந்த வருஷம் ஜூனியர் பையன்கள் அதே வண்டியில் மோட்டார் வைத்து ப்ராஜெக்ட் செய்தார்கள். ரிப்போர்ட்டை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். இன்டர்வியூவை ஒரு எழுத்து மாற்றாமல் என்னுடையதிலிருந்து எடுத்திருந்தார்கள். பத்தாவது பதிலில் அக்காவுக்கு முட்டி வலி வெகுவாகக் குறைந்திருந்தது.