ஆறாம் கிரேடு பாஸாகாத கிராணி

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் கணக்கெழுத ஒரு கிராணி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி, கக்கத்தில் எப்போதும் கிளாரினெட். லண்டனிலிருந்து கப்பலில் வரும் சங்கீதப் பரீட்சை துரை முன்னால் வாசித்து ஐந்து கிரேடு பாஸானவர். ஆறாவதுக்குக் காத்திருந்தபோது சண்டை வந்து கப்பல் நின்றுபோனது. அதனால் ஆறாம் கிரேடு பாட்டை யார் கேட்டாலும் ஊதமாட்டார். பாஸாகாமல் ஊதுவது களவாம்.

ஒருநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க நாங்கள் வரிசையாக நின்றபோது ஜப்பானிய அதிகாரி ஒருவர் சிப்பாய்களோடு லாரியில் வந்து இறங்கினார். கிளாரினெட்டைப் பார்த்ததும் ஊதும்படி சைகை காட்டினார். மறு கை வாளில் இருந்தது.

கிராணி, எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் கேட்டார். "இவர் ஆறாம் கிரேடு பரீட்சைக்கோ வந்தவர்?"

"ஆமாங்கய்யா, அதுக்குத்தான். கழுத்து போயிடும்லா, ஊதுங்க."

கிராணி முறைப்படி குனிந்து வணங்கினார். பரீட்சையில் பாட்டுக்கு முன்னால் ஸ்கேல் வாசிக்க வேண்டுமாம். ஸ்வரங்களை வரிசையாக ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். அதிகாரி அதை ஏதோ ராஜ மரியாதைப் பாட்டு என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றார். சிப்பாய்களும் நின்றார்கள். ஸ்கேல் முடிந்ததும் அதிகாரி பதிலுக்குக் குனிந்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

மண்டோர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிராணிக்குத்தான் கோபம்.

"ஸ்கேல் மட்டும் கேட்டிட்டுப் போறார். பாட்டுக் கேக்காமல் எப்பிடி மார்க் போடுவார்?"

அதன்பிறகு லாரிச் சத்தம் கேட்டால் நாங்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடுவோம். அவர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்பார்.